ஆற்று மணலில் அடித்த கூடாரம்

கூடாரமும் பழைய காருமாக நானும் என் கணவரும் ஐந்து வருடங்களாக ஊர் ஊராகச் சுற்றுகிறோம். எங்கே தங்கினாலும் யாராவது வந்து கிளம்பச் சொல்வார்கள். அசைந்து கொடுக்காமல் இருக்கப் பழகியிருந்தோம்.

அன்று வைகை அணைக்குக் கீழே, ஆற்றின் நடுவிலிருந்த மணல் திட்டில் கூடாரம் அடித்திருந்தோம். நல்ல வெயில். சுற்றிலும் கணுக்கால் அளவு தண்ணீர்தான். வண்டி ஓட்டிய களைப்பில் கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "அங்கன இருக்காதீக, கரைக்கு வாங்க!" என்று கத்தினார்.

"ஏன், ஆறு உங்களுதா?" என்றேன்.

அவர் துணிகளைப் பாறையில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி வந்தார். "அணையைத் தொறந்துட்டாக ஆத்தா! காலையிலயே மைக்குல சொல்லிட்டுப் போனாகளே!"

அப்போதுதான் அந்த இரைச்சல் காதில் விழுந்தது. ஆற்றின் வளைவில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கூடாரத்துக்கு ஓடினேன். கூடாரத்தின் ஜிப் விரலுக்கு அகப்படவே இல்லை. அந்த அம்மாதான் அதை இழுத்துத் திறந்து, என் கணவரை உலுக்கி எழுப்பினார்.

இடுப்பளவு தண்ணீரில் மூவரும் கைகோத்துக் கரையேறினோம். திரும்பிப் பார்த்தபோது மணல் திட்டு இல்லை. கூடாரம் இல்லை. பாறையில் கிடந்த துணிகளும் இல்லை.

"உங்க துணி..." என்று இழுத்தேன்.

"அது கெடக்கு, விடுங்க" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது யாராவது கிளம்பச் சொன்னால், ஏன் என்று கேட்பதற்கு முன் தூங்குகிற மனிதரை எழுப்பிவிடுகிறேன்.