நான் சேர்த்துச் சொன்ன ஆறுதல்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. நாங்கள் அப்போது பூனாவில், கட்கியில் குடியிருந்தோம். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் மராத்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயும் கொஞ்சம் நீளம். இரண்டும் சேர்ந்துதான் என்னை மாட்டிவிட்டன.

எனக்குப் பழக்கமான மராத்திக்காரப் பெண்மணி ஒருவர் சமூக சேவகி. விபத்து, தீ என்று எதையாவது கண்டு மனம் உடைந்து போனவர்களின் வீட்டுக்கே போய் கவுன்சலிங் கொடுப்பார். பூனாவை ஒட்டிய போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்த தமிழ் இளைஞர், கூட்டாளி மெஷினில் சிக்கி இறந்ததை நேரில் பார்த்ததிலிருந்து யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்தான், மராத்தி தெரியாது. அதனால் சமூக சேவகி என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். "வஹினி, நான் சொல்றதை மட்டும் சொல்லுங்க. எதையும் சேர்க்க வேண்டாம்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். வஹினி என்றால் அண்ணி. இதென்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒற்றை அறை வீடு. அந்தத் தம்பி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சமூக சேவகி, இங்கே உட்காரட்டுமா, கதவுப் பக்கம் உட்காரட்டுமா என்று கேட்டார். தம்பி கதவைக் கை காட்டினார். கதவைத் திறந்து வைக்கட்டுமா, சாத்தட்டுமா? டீக்குச் சர்க்கரை தூக்கலா, கம்மியா? அவ்வளவுதான் கேள்விகள். மீதி நேரமெல்லாம் அந்த அம்மா சும்மாவே உட்கார்ந்திருந்தார். விபத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதைக் கேட்கவா இரண்டு பஸ் மாறி வந்தோம்? தம்பியின் மனைவி வேறு, ஏதாவது சொல்ல மாட்டோமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் இதே கதைதான்.

மூன்றாவது வாரம் தம்பி தானாகவே வாயைத் திறந்தார்.

"நான்தாங்க அக்கா சுவிட்சைப் போட்டேன். அவன் உள்ள குனிஞ்சு துடைச்சிட்டு இருந்தான். நான் பாக்கல."

அதை அப்படியே மராத்தியில் சொன்னேன். நீங்கள் சொன்னதைக் கேட்டேன், இங்கேயேதான் இருக்கிறேன் என்றார் சமூக சேவகி. இது போதுமா ஒரு மனிதனுக்கு? என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள் மேல் தப்பே இல்லை தம்பி, எல்லாம் விதி, மறந்துவிடுங்கள், தைரியமாக இருங்கள் என்று அள்ளி விட்டேன். அவர் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் இரண்டு வார்த்தை சொன்னதற்கு நீங்கள் இவ்வளவு நேரம் பேசினீர்களே என்று கேட்டார் சமூக சேவகி. திருதிருவென்று விழித்து, உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. எது தான் சொன்னது, எது நான் சேர்த்தது என்று தம்பியிடம் பிரித்துச் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஆறுதல் சொன்னதற்கா மன்னிப்பு? எனக்குக் குழப்பம், கொஞ்சம் ரோஷம்கூட. இருந்தாலும் கேட்டேன்.

தம்பி எங்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க அக்கா. தப்பில்ல, மறந்துடுன்னு. அவன் பேரைக்கூட எடுக்க விட மாட்டேங்கறாங்க."

அப்புறம் இறந்துபோன கூட்டாளியின் பேரைச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே ரயிலில் வந்தவர்கள். அவன் ஊறுகாய்க்குச் சோறு தொட்டுக்கொள்கிற ஆள் என்றார். ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அவர் நான் என்று சொன்ன இடத்திலெல்லாம் நானும் நான் என்றே மராத்தியில் சொல்ல வேண்டியிருந்தது. நான்தான் சுவிட்சைப் போட்டேன் என்பதையும் மறுபடி என் வாயால் சொன்னேன். பேசி முடித்ததும் தம்பி மனைவியிடம் சோறு கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், அப்படியானால் அவர் மேல் தப்பு உண்டா, இல்லையா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார் சமூக சேவகி. கவுன்சலிங் கொடுக்கிறவருக்கே தெரியாதா என்று எனக்கு இன்னும் தலை சுற்றியது.

அந்தக் குழப்பம் இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. ஆனால் துக்க வீட்டில் தைரியமாக இருங்கள் என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம், சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முதுகு ஞாபகத்துக்கு வருகிறது. கதவைத் திறந்து வைக்கட்டுமா, சாத்தட்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.