முதுகு நிமிர்ந்தது, வயிறு முரண்டு பிடித்தது

கண் விழித்ததும் நான் முதலில் கேட்டது, "எம்புட்டு வளந்திருக்கேன்?" பதில் வருவதற்குள் வாந்தி வந்துவிட்டது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு மதுரையில் எனக்கு அறுவை சிகிச்சை. ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துகொண்டே போவது). கம்பியும் திருகாணியும் வைத்து நிமிர்த்தினார்கள். வளைவு நிமிர்ந்தால் உயரமும் கொஞ்சம் கூடும். வலியைப் பற்றி எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இந்தக் குமட்டலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் தையல் பிய்ந்துவிடும்போல வலித்தது. உள்ளே கம்பி கழன்றுவிடுமோ என்று பயந்து செத்தேன். அப்பா முகத்திலோ ஒரே திருப்தி! நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனியில் வேலை அவருக்கு. "வரட்டும் தாயி, மயக்க மருந்து பூராவும் வெளிய வரட்டும்" என்று தலையைத் தடவிக்கொடுத்தார். சிஸ்டர் வந்து கேட்டபோதும், "அதெல்லாம் நல்லாத்தேன் இருக்கா" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் என்னை உட்காரவைத்தார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்து சரிந்தேன். டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார். காய்ந்து கிடந்தது. நேற்றிலிருந்து வாந்தி என்று நானே சொல்லிவிட்டேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏன்யா வாந்தியை மறைச்சீங்க?"

"கம்பெனில தூசி உள்ள போயிட்டா வாந்தி எடுத்துத்தேன் சார் தெளிவோம். அதுமாதிரின்னு இருந்துட்டேன்" என்றார் அப்பா.

"இது ரத்தத்துல போன மருந்துய்யா. வயித்தைக் கவுத்தா வராது."

அந்த நிலையிலும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப வயிறு ஏன் சார் பொரட்டுது?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குமட்டலைக் கிளப்பும் இடம் மூளையில் இருக்கிறதாம். மயக்க மருந்தும் மார்ஃபினும் (கடும் வலியை அடக்கும் மருந்து) அதைச் சீண்டுமாம். குடலும் இன்னும் தூக்கத்தில் இருக்கிறதாம். என்ன ஒரு கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

நரம்பில் தண்ணீர் ஏற்றினார்கள். வாந்தியை நிறுத்த ஊசி போட்டார்கள். மார்ஃபினைக் குறைத்து வேறு வலி மருந்து சேர்த்தார்கள். குடிப்பதற்குக் கரண்டி கரண்டியாகத்தான் தண்ணீர். வாந்தி வந்தால் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி சிஸ்டர்கள் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். ஓங்கரித்தால் கம்பி கழலாது என்றார் டாக்டர். வாந்தி பச்சையாக வந்தாலோ வயிறு உப்பினாலோ உடனே சொல்ல வேண்டும் என்றார். நீங்களும் மறைக்காதீர்கள்.

அதற்கடுத்த நாள் காலை வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. "அப்பா, வருது!" என்று கத்தினேன். ஓடி வந்தார். காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. பிறந்ததிலிருந்து கூடவே இருந்ததை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"பசிக்குதுப்பா" என்றேன். அப்பா அழுதுவிட்டார்.

இப்போதெல்லாம் பசித்தால் உடனே சாப்பிட உட்காருவதில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பசியை அப்படியே வைத்துக்கொண்டு இருக்கிறேன்.