பொட்டை விட்டுத் துடைத்தோம்

மச்சானுக்கு அந்தக் காரைத் தெரிவு செய்து கொடுத்தவன் நான். அதனால் அதில் மஞ்சள் விளக்கு எரிந்தபோது அது என் பிழை போலவே இருந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். கார் எடுப்போம், நீங்கள் ஓட்டுங்கள், பதுளை ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் ஆள் ஏற்றி ஹயர் போவோம், இனி நான் பிளேன் ஏறமாட்டேன் என்றார். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு பஸ் வருவதும் வராததும் பாதையின் இஷ்டம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லொறி, வேன் என்று ஓட்டியதைத் தவிர வேறு தெரியாது. ஆகவே கார் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பழைய வாகனம் என்றால் எனக்குப் பயமில்லை. விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்ப்பேன். அடிபட்டுப் பட்டி பூசிய இடம் வேறு சத்தம் போடும். ஆனால் பதுளையில் நாங்கள் போன இடத்தில் இருந்தது ஜப்பானில் செய்த புதுக் கார். சுவரில் இருந்த டிவியில் அது செய்யப்படும் படம் ஓடியது. பெரிய பெரிய இரும்புக் கைகள் தீப்பொறி பறக்கத் தகட்டை ஒட்டின. ஒரு கை கதவைத் தூக்கிக் கொடுக்க இன்னொரு கை வாங்கியது. ஒரு ஆளாவது தெரிகிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நடந்து போனார். பிழையாக ஒட்டிவிட்டால் யாரைக் கேட்பது என்று நினைத்தேன். கேட்கவில்லை. அந்த மாதிரி இடங்களில் எனக்கு வாய் வராது.

விற்பனையாளர் முன்கண்ணாடியின் மேல் நடுவில், உட்பக்கம் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். அதுதான் காரின் கண்ணாம். முன்னால் ஏதாவது வந்தால் கார் தானே பிரேக் பிடிக்குமாம். இங்கே ஸ்டிக்கர் எதுவும் ஒட்டக்கூடாது என்றார். தலையாட்டினேன். மற்றதெல்லாம் போனில் எழுதிக் கேட்கச் சொன்னார். அங்கே பதில் சொல்வதும் ஆளில்லை, கம்ப்யூட்டர். மச்சான் சோதித்துப் பார்க்க, சாப்பிட்டாச்சா என்று எழுதினார். தங்கள் விசாரணைக்கு நன்றி என்று கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. மச்சான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம், என் மனைவிக்கு நடந்தது. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். அங்கே தேயிலைத் தூளில் கிடக்கும் சிவந்த குச்சிகளைப் பொறுக்குவது பல வருடமாக அவள் வேலை. சில வருடங்களுக்கு முன் கேமரா வைத்த மெஷின் வந்தது. குச்சியைக் கண்டால் காற்றை ஊதித் தள்ளிவிடும். பொறுக்கிய பெண்களை மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் போய் இரண்டு வாரம் கழித்து இவளும் போனாள். அன்றிலிருந்து கண் வைத்த மெஷின் எதையும் நான் நம்புவதில்லை.

காரைக் கொண்டுவரும் வழியில் மாடொன்று குறுக்கே வந்தது. நான் மிதிப்பதற்குள் கார் தானே நின்றது. மச்சானுக்குப் பெருமை. நான் என் காலைப் பார்த்தேன், அது பிரேக்கைத் தொடவே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயில் முன்னால் பூசை. நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசாரி முன்கண்ணாடியின் மேல் நடுவில் மூன்று விரலால் திருநீறு இழுத்து, சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்தார். மறுநாள் பசறைக்கு இறங்கும்போது கார் டிங் என்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு அது அணையவே இல்லை.

மச்சான் விளக்கைப் படம் எடுத்துப் போனில் கம்பனிக்கு அனுப்பினார். கேமராவை ஏதோ மறைக்கிறது, கண்ணாடியைத் துடைக்கவும் என்று பதில் வந்தது. துடைத்தோம். பொட்டில் ஈரம் படாமல், சுற்றிச் சுற்றி, கவனமாகத் துடைத்தோம். விளக்கு போகவில்லை. மறுபடி எழுதினார். அதே பதில்.

"காரு பழுதுங்கிறேன், கண்ணாடியத் தொடைக்கச் சொல்றான். பழுத வித்துட்டு நம்மளத் தொடச்சிக்கிட்டே இருக்கச் சொல்றானுங்க," என்றார் மச்சான்.

நானும் அப்படித்தான் நம்பினேன். இரும்புக் கை ஒட்டாமல் விட்ட இடத்தைத் தேடிக் கார் முழுக்கத் தட்டினேன். எல்லா இடமும் ஒரே சத்தம். அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமை பொட்டு புதிதானது. மச்சான் அன்றுதான் முடிவைச் சொன்னார். திங்கட்கிழமை காரைத் திருப்பிக் கொடுப்பது, கிடைப்பதை வாங்கிக்கொண்டு மறுபடி வெளிநாடு போவது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

ஞாயிறு காலை காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி, போனில் என்னதான் பதில் வருகிறது என்று கேட்டாள். சொன்னேன். காரின் கண் எங்கே என்றாள். காட்டினேன். உள்ளே ஏறி உட்கார்ந்து, பெட்டிக்கு நேராக அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கினாள்.

"ஸ்டோர்ல இருந்த மெஷினும் இப்பிடித்தாங்க. கண்ணாடில தூசி படிஞ்சா நல்ல தூளையும் குச்சின்னு தள்ளிரும். நாந்தான் தொடைப்பேன்." சேலைத் தலைப்பை வாளியில் நனைத்தாள். "இதுக்கு நேரா சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சாமி பொட்டு. ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது என்றுதான் சொன்னார்கள், நாங்கள் ஒட்டவில்லையே என்றேன்.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். விடுங்க."

துடைத்தாள். கோயில் வரை ஓட்டிப் பார்த்தேன். விளக்கு இல்லை. மச்சான் வந்து குனிந்து பார்த்தார்.

"கம்பனிக்காரனுங்க அங்கேருந்தே சரி பண்ணிட்டானுங்களோ?"

அவருடைய அக்கா துடைத்ததைச் சொன்னேன். நம்பவில்லை. தலைப்பில் இருந்த சந்தனக் கறையை அவள் காட்டிய பிறகுதான் காரைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை விட்டார். திங்கட்கிழமை பதுளைக்குப் போனோம், கிளினிக் போகும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு. பொட்டு இப்போது பின்னால், நம்பர் பிளேட்டுக்கு மேலே.

அன்று மாலை மனைவியிடம், மற்றவர்களை அனுப்பிய பிறகு உன்னை மட்டும் ஏன் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். இத்தனை வருடம் கேட்காத கேள்வி.

"கண்ணாடி தொடைக்கத்தான். அப்புறம் தானாத் தொடச்சிக்கிற மாதிரி மெஷின்லயே ஒரு சாமானப் பூட்டிட்டாங்க."

இப்போதெல்லாம் மாடோ நாயோ குறுக்கே வந்தால், கார் நிற்பதற்கு முன்னால் நானே மிதித்துவிடுகிறேன். இங்கே ஓர் ஆள் இருக்கிறான் என்று அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்கட்டும்.