பத்துப் பேருக்கு வைத்த சோறு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு அலுமினிய தேக்சா இருக்கிறது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. பிறகு தேய்ப்பதையே விட்டுவிட்டேன். அதை இப்போது யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

கடைசியாக இரவல் வாங்கியவள் மாடி வீட்டுப் பெண். தான்சானியாவிலிருந்து தஞ்சாவூருக்குப் படிக்க வந்தவள். புது ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். குடிவைத்தது என் வீட்டுக்காரர். எனக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. வந்த அன்றே சட்டம் போட ஆரம்பித்துவிட்டேன்: சொல்லாமல் மோட்டார் போடக் கூடாது, படியில் செருப்பைச் சிதறவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் "ஓகே ஆன்ட்டி" என்றாள். கொடுத்தனுப்பிய மோர்க்குழம்பை டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். மொட்டை மாடியில் அவள் துணி காயப்போடும்போது தெருவே அண்ணாந்து பார்க்கும். ஒருவரும் பேச மாட்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலை படியிறங்கி வந்து, அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னாள். பால் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மறுநாளே அடக்கம்; எப்படிப் புறப்பட்டாலும் போய்ச் சேர முடியாது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெரிய பாத்திரம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. தலைமுழுக வெந்நீர் வைக்கக் கேட்கிறாள் என்று நினைத்து தேக்சாவை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு நாலு இட்லி எடுத்துக்கொண்டு மேலே போனால், அடுப்பு எரிகிறது. தேக்சா நிறையச் சோறு கொதிக்கிறது, பக்கத்தில் வேகவைத்த காராமணி. "சாவு வீட்ல அடுப்பு எரியலாமா?" என்று கத்திக்கொண்டே போய் அணைத்துவிட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அவள் தடுக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய இங்கிலீஷும் என் பிளஸ் டூ இங்கிலீஷும் முட்டி மோதித்தான் விஷயம் புரிந்தது. அவள் ஊரில் சாவு வீட்டுக்கு வந்து உட்காருகிறவர்கள் அங்கேயே சாப்பிட்டுத்தான் போவார்களாம். அம்மாவுக்காக இங்கேயும் பத்துப் பேர் சாப்பிட வேண்டும் என்றாள். யார் வருவார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். என் மகன் அப்போது வெளியூர் ஹாஸ்டலில்; இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த முகம் நானும் என் வீட்டுக்காரரும்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அணைத்த அடுப்பை நானே பற்றவைத்தேன்.

தெருவில் இறங்கி வீடு வீடாகக் கூப்பிட்டேன். சாவு வீட்டுக்குப் போனால் குளித்த பிறகுதான் பச்சைத் தண்ணீரே குடிப்போம். அங்கேயே கை நனைக்க யார் வருவார்கள்? எதிர்வீட்டுத் தையல்காரம்மா கதவைப் பாதி திறந்து, "அது எப்படிக்கா, அங்க போயி சாப்புடறது?" என்றாள்.

"ஒரு வாய் போதும், வா. அந்தப் பொண்ணு தனியா உக்காந்திருக்குது."

இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க, போவோம்" என்றார். எங்களோடு சேர்த்து ஏழு பேர் தேறினோம். அதற்குள் சோறு அடிப்பிடித்திருந்தது. முதலில் நான் கை நனைத்தேன். தீய்ந்த வாடை, உப்பும் மட்டு. ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவள் தட்டைக் கையில் எடுத்தாள். அப்போதும் அழவில்லை. படிப்பு முடியும்வரை எங்கள் மாடியிலேயே இருந்துவிட்டு ஊருக்குப் போனாள்.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. காரியத்துக்குத்தான் வர முடியும். போனில் அவன் முகத்தைப் பார்த்தேன். கரண்டியோடு நின்றாளே, அதே முகம். "நான் இங்க என்னம்மா செய்யறது?" என்றான். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். எனக்கும் அழுகை வரவில்லை.

"அரிசி இருக்காடா?"

"இருக்கும்மா."

"அடுப்பைப் பத்த வை. பத்துப் பேருக்கு வை. அக்கம்பக்கத்துல யாரு இருந்தாலும் கூப்பிட்டுப் போடு."

நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன அண்ணி பேசறீங்க, பெத்த புள்ளகிட்ட?"

"எனக்கு இங்க யாரையும் தெரியாதேம்மா" என்றான் அவன்.

"கதவைத் தட்டு" என்றேன்.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தபோது மறுபடியும் கூப்பிட்டான். "ஆறு பேர் வந்தாங்கம்மா. சோறு அடிப்பிடிச்சிடுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, சாப்பிட்டாங்க."

பரணிலிருந்து தேக்சாவை இறக்கித் தரச் சொன்னேன். நாத்தனார்தான் ஏறி எடுத்துத் தந்தாள். மடியில் வைத்துக் கருகலை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. ஆனால் அவருக்காக ஆறு பேர் சாப்பிட்டிருந்தார்கள்.