வலப்பக்கக் கதவு

ஒரு பொருளைத் தன் கையால் செய்தவன், அதைத் தான் செய்யவில்லை என்று சொன்னால்தான் அதற்கு நல்ல விலை கிடைக்கும் என்றால், அவனை எதைச் சொல்லச் சொல்வது நியாயம்? கல்லூரியில் பொருளாதாரம் படித்த மூன்று ஆண்டுகளில் இப்படி ஒரு கேள்வி என் முன் வந்ததில்லை. ஐம்பதுகளின் நடுவில், பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஓர் ஏலக் கடையில் நான் எழுத்தராக இருந்தபோது, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் அதை என் மேசைக்குக் கொண்டுவந்தது.

ஏலக் கடைக்கு வேலை குறையாத காலம் அது. ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பங்களின் பியானோக்களும் சாப்பாட்டு மேசைகளும் மோட்டார் வண்டிகளும் கை மாறி, மறுபடியும் கை மாறி எங்களிடம் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதித் தொங்கவிடுவது என் பொறுப்பு. அதை நான் சிறிய வேலையாக எண்ணியதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அந்த அட்டையை நம்பித்தான் ஏலத்தில் கையைத் தூக்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் சேர்ந்து நீலசந்திராவில் ஒரு வாசகசாலை நடத்தினேன். அதற்கு இரண்டு தெரு தள்ளி, லாரிகளுக்குப் பாடி கட்டும் ஷெட் ஒன்று இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைத்தோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்; நான்கு பேருக்கு வேலை கொடுத்து வந்தவர். இடம் வாடகை இடம். நிலத்துக்காரர் அதை விற்றுவிட முடிவு செய்திருந்தார். மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் மேஸ்திரிக்கே தருவதாகவும், இல்லாவிட்டால் வீடு கட்டும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார். ஷெட் போனால் மேஸ்திரி எங்காவது கூலிக்குப் போக வேண்டும். மற்ற நால்வருக்கு அதுவும் நிச்சயமில்லை. விற்பதற்கு அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று, தார்ப்பாயின் கீழ் நின்ற அந்த ஸ்போர்ட்ஸ் கார்.

சுதந்திரம் வந்த சமயத்தில் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஓசூர் சாலையில், சந்தாபுராவுக்கு அருகே, அதை ஒரு புளியமரத்தில் மோதினார். எஞ்சினும், சேசிஸ் என்கிற அடிச்சட்டமும் தப்பின. பாடி மட்டும் இது எந்தப் பக்கம் என்று தெரியாதபடி நசுங்கிப்போனது. புதுப் பாடி கட்டித் தரும்படி மேஸ்திரியிடம் விட்டவர், மாதிரிக்கு ஒரு பத்திரிகைப் படத்தைக் கிழித்துக் கொடுத்தார். வேலை பாதியில் நிற்கும்போதே அவர் கப்பலேற நேர்ந்தது. கூலிக்கு ஈடாக வண்டியையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். லாரி வேலை இல்லாத நாட்களில் மேஸ்திரி தகடு தகடாக அடித்துப் பொருத்தி, ஏழெட்டு ஆண்டுகளில் அதை முடித்தார்.

படத்தில் தெரிந்தது வண்டியின் இடப்பக்கம் மட்டும். அங்கே ஒரு கதவு இருந்தது. மறுபக்கமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கருதி, வலப்பக்கத்திலும் ஒரு கதவு வைத்துவிட்டார். உண்மையில் அந்த வகைக் காருக்கு ஓட்டுபவர் பக்கம் கதவே கிடையாது. அங்கே கைபிரேக் வெளிப்புறமாக நிற்கும். ஓட்டுபவர் பக்கவாட்டைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். பிரேக் கம்பி கதவுக்கு இடைஞ்சலாக இருந்திருக்குமே என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் எனக்குச் சிரிப்பூட்டுகிறது.

"கம்பெனிக்காரன் ஏதோ மறதியில வெளிய வச்சிட்டான்னு நெனச்சேன் சார். நான்தான் உள்ள தள்ளி வச்சேன்."

என் ஏலக் கடை முதலாளி வண்டியைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்துபோனார். கம்பெனி பாடியோடு வந்தால் கிடைக்கும் விலையில் பாதிகூட உள்ளூர் பாடிக்கு வராது என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரிஜினல்னு ஒரு வார்த்த போடுப்பா. எஞ்சின் ஒரிஜினல், சேசிஸ் ஒரிஜினல். தகரத்தப் பத்தி எவன் கேக்கப் போறான்?"

நான் இரு பக்கமும் யோசித்தேன். பொய் எழுதி, அது பிற்பாடு வெளிப்பட்டால் வழக்கு வரும். கோர்ட் வாசலில் முதலில் நிற்கப்போகிறவர் மேஸ்திரி. உண்மையை எழுதினால் ஷெட் போகும். என் மனச்சாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஐந்து குடும்பங்களின் பிழைப்பைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கேட்டேன்.

"கம்பெனி பாடின்னே போடுங்க சார்," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. "என் பேரு எதுக்கு? ஷெட்டு நின்னா போதும்."

அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் விருப்பத்தை மீறி எழுதவும் மனம் வரவில்லை. அட்டையில் பாடி என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். அன்று அதை விவேகம் என்று நினைத்தேன்.

ஏலத்துக்கு முந்தைய நாள் பொருட்களை வந்து பார்க்கலாம். சிக்கமகளூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் இந்தக் காருக்காகவே வந்திருந்தார். இத்தகைய வண்டிகளைத் தேடி வாங்குபவர் என்று பெயர் பெற்றவர். மேஸ்திரி தூசி துடைக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றார். அவர் யாரென்று முதலாளியும் நானும் மட்டும் அறிவோம். தோட்டக்காரர் வலப்பக்கத்துக்கு வந்தார், கதவைத் திறந்தார், வாய்விட்டுச் சிரித்தார். இந்த வண்டிக்கு இங்கே கதவு ஏது என்று கேட்டார். யாரோ ஒரு பிரபு தனியாகச் சொல்லிச் செய்வித்தது என்று முதலாளி கூசாமல் சொன்னார். மேஸ்திரி அதையும் கேட்டுக்கொண்டு துடைத்தபடியே இருந்தார்.

தோட்டக்காரர் குனிந்து கைபிரேக்கைப் பார்த்தார். "பிரபுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவனோ லோக்கல் டிங்கர் ஒப்பேத்திருக்கான். உள்ள பூரா ஈயம் ஊத்தி மெழுகிருப்பான்."

தன் பெயர் மறைக்கப்பட்டதைப் பொறுத்த மனிதரால் ஈயத்தைப் பொறுக்க முடியவில்லை. நெளிந்த தகட்டைச் சரியாகத் தட்டத் தெரியாதவர்கள்தான் பள்ளத்தில் ஈயம் ஊற்றித் தேய்த்து மறைப்பார்கள்.

"ஒரு சொட்டு ஈயம் கெடையாது சார்," என்றார் மேஸ்திரி. "காசு எடுத்துத் தட்டிப் பாருங்க. எங்கயாச்சும் சத்தம் மாறிச்சின்னா வண்டிய சும்மா ஓட்டிக்கினு போங்க."

"நீ யாருப்பா?"

"கட்டினவன்."

முதலாளி கூரையைப் பார்த்தார். தோட்டக்காரர் உண்மையாகவே ஒரு நாணயத்தை எடுத்து, முன் மட்கார்டில் தொடங்கி வால் வரை பொறுமையாகத் தட்டிக்கொண்டு போனார். எங்கும் ஒரே ஓசை. வேலை முதல்தரம் என்றும், ஆனால் தான் தேடி வந்த வண்டி இது அல்ல என்றும் சொல்லிவிட்டு, மேஸ்திரிக்கு ஒரு வணக்கமும் வைத்துப் போனார். அவர்மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. முழுக்கக் கம்பெனியிலேயே பிறந்த வண்டிக்குத்தான் அவர் பெரிய விலை கொடுக்க வந்தார். கதவு காட்டிக்கொடுத்திராவிட்டால், அட்டையில் நான் வெறுமையாக விட்ட இடத்தை நம்பி ஏமாந்திருப்பார்.

உடனே அட்டையைக் கழற்றி எழுதினேன்: எஞ்சினும் சேசிஸும் கம்பெனியுடையவை, பாடி முழுவதும் பெங்களூர் நீலசந்திராவில் புதிதாகக் கட்டப்பட்டது, வலப்பக்கக் கதவு கட்டியவர் சேர்த்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். "ஆளு பேரையும் எழுதிடு. இன்னும் மறைக்க என்ன பாக்கி இருக்கு?" என்றார். கோபம் இருந்தது, ஆனால் அது சிரிப்புக்கு வெகு தூரத்தில் இல்லை.

அந்த அட்டையை முதலில் படித்தவர், வேறொரு சிறிய காரைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண் மருத்துவர். வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி உட்கார்ந்தார்.

"புடவை கட்டினவ செவுரு ஏறியா குதிக்க முடியும்?" என்றார். "ரிப்பேர் வந்தா யாருகிட்ட போறது?"

"எங்கிட்டயே கொண்டாங்கம்மா. நடந்து வந்தா கூடக் கிட்டதான்."

"நடந்து வர்றதுக்கா கார் வாங்கறேன்?" என்று அவர் கேட்டதும் மேஸ்திரி உட்பட எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் அவரும் ஒரு சினிமாக் கொட்டகைக்காரரும் மாறி மாறிக் கேட்டார்கள். கடைசியில் மருத்துவர் எடுத்தார். உள்ளூர் பாடிக்கு முதலாளி மதிப்பிட்டதைவிட விலை கூடவே வந்தது. கம்பெனி பாடியின் விலையை எட்டவில்லை. நிலம் முழுவதையும் வாங்க அது போதாது. நானும் மேஸ்திரியும் போய்ப் பேசியதில், நிலத்துக்காரர் முன்பாதியைப் பிரித்துத் தரச் சம்மதித்தார். பின்பாதியில் வீடுகள் எழுந்தன. அதன் பிறகு லாரிகளின் பின்பக்கம் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது, அக்கம்பக்கத்தார் தினமும் முணுமுணுத்தார்கள். நான்கு பேரும் வேலையில் இருந்தார்கள்.

அடுத்த ஏலத்திலிருந்து எங்கள் கடையின் வண்டி அட்டைகளில் ஒரு வரி கூடுதலாக அச்சிடப்பட்டது: பாடி கட்டியவர் யார், எந்த ஊர். அதை நிரப்பாமல் எந்த வண்டியும் ஏலத்துக்குப் போகவில்லை.