பித்தக் குழாய்க் கல்லை முழுசாகக் கேட்டேன்

பல மாதமாக வயிறு வலிக்கிறது என்றேன். எல்லோரும் "வெறும் கேஸ்" என்றார்கள். இன்று ஸ்கேனில் பித்தக் குழாயில் பெரிய கல் தெரிந்தது.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். குழாயின் வாயைப் பலூனால் விரித்துக் கல்லை முழுசாக இழுக்கலாம். அல்லது உள்ளேயே உடைத்து எடுக்கலாம்.

"உங்க கல்லுக்கு உடைக்கிறதுதான் சேஃப், அங்கிள்."

"நக்கோ, வேண்டாம் டாக்டர். நெட்டில் எல்லாம் படித்துவிட்டேன். முழுசாக வேண்டும். கேஸ் என்றவர்களுக்குக் காட்டணும்."

கேஸ் என்று முதலில் சொன்ன என் மனைவி குறுக்கிட்டாள்: "உடைக்கட்டும்ங்க. சொன்னது ஒருத்தரா ரெண்டு பேரா? ஆளுக்கு ஒரு துண்டு கொடுக்கலாம்."

உடனே சம்மதித்தேன். ஒரு துண்டையும் உள்ளே விடக் கூடாது என்பது என் நிபந்தனை.

கேஸ் என்று சொன்ன எங்கள் திருமுல்கேரி ஏரியா நண்பர்களே, உங்கள் துண்டுக்கு வெட்கப்படாமல் கீழே பெயரை எழுதுங்கள்.