பீகாஜானின் சைக்கிள் பை

ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் டியூபைத் துடைக்கிறாள் பீகாஜான். துளையிலிருந்து வெளிப்பக்கமாக, வட்டம் வட்டமாக. கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ் அவள். பஞ்சரும் அவள் கையில் வைத்தியம்தான். "வலிக்காதுடா கண்ணு, அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு" என்று டியூபுக்கும் ஆறுதல் சொல்வாள். பழக்கதோஷம்.

கிவா நகரத்தை ஒட்டிய கால்வாய்க் கரைகளில் ஒட்டக முள் எந்தச் சக்கரத்தையும் சும்மா விடாது. அதனால் ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் ஊசிப் பெட்டி, மறுபக்கம் சைக்கிள் பை. டயரை நெம்ப முனை மழுக்கிய இரண்டு ஸ்பூன் காம்புகள், உப்புத்தாள், கைப்பம்பு, ஸ்பேனர், பழைய டியூபில் வெட்டிய ஒட்டுகள், அறுந்த செயினுக்குச் சில கண்ணிகள், டயர் கிழிந்தால் உள்ளே கொடுக்க ஒரு டயர் துண்டு. சொல்யூஷன் மட்டும் இரண்டு. திறந்தது எப்போது காய்ந்துபோகும் என்று யாருக்குத் தெரியும்?

"ஏக்கா, பையில ஒரு டிராக்டரும் வச்சிருக்கியா?" என்பான் பருத்திக் காட்டு மத்கரீம்.

"உன் ஓட்டை டிராக்டருக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்."

பையின் பின்னறையில் இரண்டு ரொட்டிகள் இருக்கும். முழுசாக இருப்பது அவளுடைய மதியச் சாப்பாடு. துணியில் சுற்றியது மகன் கதம்பாய் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன அன்று ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. கடித்தவனே திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். அது இருக்கும்வரை அவன் வருவான் என்பது ஊர் நம்பிக்கை. எல்லா வீட்டிலும் அப்படிக் கடித்த ரொட்டியைச் சுவரில் மாட்டிவைப்பார்கள். இவள் மட்டும் கூடவே கொண்டு திரிகிறாள்.

"வந்தா ரோட்டு வழியாத்தானே வருவான்? கண்ட எடத்துலயே தின்னு முடிக்கட்டுமே!"

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் பஸ் வந்தால் சைக்கிளை நிறுத்தி ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பாள். பஸ் போனதும் மறுபடி பெடலை மிதிப்பாள். நாலு வருஷமாக இப்படித்தான்.

போன வாரம் சாலையோரம் ஒரு வெளிநாட்டுப் பையன் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான். அவனிடம் பளபளவென்று எல்லாக் கருவிகளும் இருந்தன; சொல்யூஷன் மட்டும் காய்ந்து கட்டியாகியிருந்தது. பீகாஜான் இறங்கினாள். டிராக்டரை நிறுத்திவிட்டு மத்கரீமும் தேநீர் பிளாஸ்கோடு வந்து உட்கார்ந்தான். டியூபில் குனிந்திருந்த பீகாஜான், "பசிக்குதா? பையில ரொட்டி இருக்கு, எடுத்துக்கோப்பா" என்று கையால் காட்டினாள்.

பையன் மரியாதை தெரிந்தவன். முழு ரொட்டியைப் பிய்க்க மனம் வராமல், ஏற்கெனவே யாரோ கடித்திருந்ததை எடுத்துக்கொண்டான். காய்ந்து கிடந்ததைத் தேநீரில் நனைத்து, கடித்த பக்கத்திலிருந்தே தின்னத் தொடங்கினான்.

"அடேய்! அதத் தொடாதடா!" மத்கரீம் துள்ளி எழுந்தான்.

பீகாஜான் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. ஆனாலும் மத்கரீமின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "சும்மா இரு. சாப்பிடுறவன் வாயிலேர்ந்து ரொட்டியப் புடுங்குவியா? அவனும் யாரோ பெத்த புள்ளதான்." பையனின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். ஒட்டை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, காற்றடித்தும் கொடுத்தாள்.

பையன் நெஞ்சில் கை வைத்து வணங்கிவிட்டுப் போனான். மீந்த பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் பீகாஜான். கதம்பாயின் பல் பட்ட இடம் எங்கேயும் இல்லை.

"விடுக்கா, ரொட்டிய வச்சா வரப்போறான்? அவன் வருவான்க்கா" என்றான் மத்கரீம்.

அவன் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை அவள் பம்பையும் ஸ்பேனரையும் பைக்குள் அடுக்கினாள். பிறகு ரொட்டியின் ஓரத்தை ஆறிப்போன தேநீரில் நனைத்தாள். சாலையின் இருபக்கமும் பார்த்துவிட்டு, மகன் கடித்த அளவுக்கே தானும் ஒரு கடி கடித்து, மிச்சத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.